மெக்கானிக் சரி

எங்க வீட்டுக்காரரைப் பத்தி யாரைக் கேட்டாலும் "தங்கமான மனுஷன்"னுதான் சொல்லுவாங்க. எங்களுக்கு வந்த வம்பே அதுதான். யாராவது ஒருத்தர் வாயில இருந்தாவது அவரைப் பத்தி ஒரு குறை வராதான்னு நான் தவமாத் தவம் கிடந்தேன். எந்தப் பொண்டாட்டிக்காவது இப்படி ஒரு வேண்டுதல் இருந்திருக்குமா? சொல்றேன், கேளுங்க.

அவரு ராணுவத்துல ஜெனரேட்டர் மெக்கானிக்கா இருந்தவரு. அப்பா திடீர்னு போயிட்டாரு, வீட்டுல ரெண்டு தங்கச்சிங்க, மீசை சரியா முளைக்கிறதுக்குள்ள இவரு பட்டாளத்துல சேர்ந்துட்டாரு. மலை மேல முகாம் போட்டாலும் சரி, மணல்காட்டுல போட்டாலும் சரி, வெளிச்சம் கொடுக்கிறது அவரு வேலை. இப்ப ரிட்டயர் ஆகி, மீனும் காய்கறியும் வைக்கிற ஒரு குளிர்பதனக் கிடங்குல வேலை பாக்குறாரு. அங்கயும் ஜெனரேட்டர்தான், கம்ப்ரசர்தான். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கையைத் தேய்ச்சுக் கழுவிட்டு, "டீசல் வாசனை போயிடுச்சா பாரு"ன்னு என் மூக்குக்கிட்ட நீட்டுவாரு. போயிருக்காது. போயிடுச்சுன்னு சொல்லுவேன். அதுல அவருக்கு ஒரு திருப்தி.

குறை சொல்றதுன்னா என்னன்னே அவருக்குத் தெரியாது. சாப்பாட்டுல உப்பு போட மறந்தாலும் சத்தமில்லாம சாப்பிட்டு எழுந்துடுவாரு. அப்புறம் நான் வாயில வச்சாத்தான் தெரியும். ஒரு தடவை செருப்பைத் துளைச்சுக்கிட்டு ஆணி காலுல ஏறிடுச்சு. சாயங்காலம் வரைக்கும் வேலை பாத்துட்டு வந்து, "செருப்பு கொஞ்சம் கடிக்குது"ன்னாரு. கழட்டிப் பாத்தா ஒரே ரத்தம். இந்த மனுஷனை என்னன்னு சொல்ல!

அவருக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம், குறட்டை. சும்மா குறட்டைன்னா பொறுத்துக்கலாம். நடுவுல நின்னுடும். குறட்டை மட்டுமில்ல, மூச்சே நின்னுடும். விலாவுல ஒரு இடி இடிச்சா, தண்ணிக்குள்ள இருந்து எழுந்து வர்ற மாதிரி மூச்சை இழுத்து, மறுபடி ஆரம்பிப்பாரு. அவரு லீவுல வந்த காலத்துல இருந்தே இதுதான் கதை. ரிட்டயர் ஆகி வந்தப்புறம் தினசரி வேலை ஆயிடுச்சு. எத்தனை வருஷம் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு அவரு நெஞ்சு மேல கையை வச்சுக்கிட்டுப் படுத்திருப்பேன்! ராத்திரி முழுக்க இந்தப் பாடு. பகல்ல அவரு எங்க உக்காந்தாலும் தூங்குவாரு. ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சா அப்படியே தூங்குவாரு. நான் மூச்சுப் பிடிச்சு சண்டை போட்டுக்கிட்டு இருக்கும்போது, நடுவுல தூங்கிட்டாரு ஒரு நாள். ஒரு பொண்டாட்டிக்கு இதைவிட வேற என்ன அவமானம் வேணும்?

வயசாகுதுல்ல, அலுப்பு, அப்படின்னுதான் ரெண்டு பேரும் நெனச்சுக்கிட்டு இருந்தோம். வியாதின்னு முதல்ல சொன்னது முன்னாள் படைவீரர் சங்க ஆபீஸ்ல இருக்கிற மேடம்தான். அவங்களும் ராணுவத்துல கிளார்க்கா இருந்துட்டு வந்தவங்க. யாருக்கு எந்த ஊனம், எந்த மனு, எந்த ஆதாரம்னு எல்லாம் விரல் நுனியில வச்சிருப்பாங்க. ராணுவ வேலையால வந்த ஊனத்துக்கு உதவி கேட்டு எங்களுக்கு ஏற்கெனவே ரெண்டு மனு எழுதிக் கொடுத்துப் பாஸ் ஆக வச்சிருந்தாங்க. ஜெனரேட்டர் பக்கத்துலயே கிடந்ததுல வலது காது மந்தமாச்சே, அதுக்கு ஒண்ணு. லாரியில இருந்து குதிச்சுக் குதிச்சு முட்டி தேய்ஞ்சதுக்கு இன்னொண்ணு.

அன்னிக்குக் காதுக்கு வைக்கிற மெஷின் விஷயமாப் போயிருந்தோம். ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்துல ஒரே அறைதான் ஆபீஸ். நாற்காலி எல்லாத்தையும் ஒரே கம்பியில கோத்து வச்சிருப்பாங்க. ஒருத்தர் காலை ஆட்டினா வரிசையே ஆடும். ஃபேன் மேடம் பக்கம் மட்டும்தான் திரும்பும். உக்காந்த கொஞ்ச நேரத்துல இவரு தலை என் தோள்ல சாஞ்சுடுச்சு. குறட்டை. அப்புறம் நின்னுச்சு. நான் மேடத்தோட பேசிக்கிட்டே முழங்கையால ஒரு இடி விட்டேன். கர்ர்னு மூச்சு வந்துச்சு.

மேடம் பேனாவைக் கீழ வச்சாங்க. "அம்மா, இப்ப என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்?"

"அவரை இடிச்சீங்களே."

"ஓ, அதுவா? மூச்சு நின்னுடுச்சு. அதான்." அடுப்பை அணைச்சேன்னு சொல்ற மாதிரி சொன்னேன்.

அவங்க என்னையே பாத்தாங்க. "இதுக்குப் பேரு ஸ்லீப் ஆப்னியா அம்மா. தூக்கத்துல மூச்சுக்குழாய் அடைச்சுக்கிறது. மூளைக்கும் இருதயத்துக்கும் காத்து போகாது. விளையாட்டு இல்ல. நாளைக்கே டெஸ்ட்டுக்கு எழுதித் தர்றேன். இதுக்கும் கூடுதலா ஒரு மனு போடலாம்." அந்த ஆபீஸ்லயே நான் இவரு நெஞ்சு மேல கையை வச்சுப் பாத்தேன். இவரு முழிச்சுக்கிட்டு, "கிளம்பலாமா?"ன்னாரு.

ஆஸ்பத்திரியில உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்க வச்சுப் பாத்தாங்க. வியாதி அதேதான், அதுவும் கடுமையா இருக்குன்னாங்க. மனு முடிவாகுற வரைக்கும் வச்சுக்கச் சொல்லி ஒரு மெஷின் கொடுத்தாங்க. மூக்குல மாட்டுற மாஸ்க், அதுல இருந்து தும்பிக்கை மாதிரி ஒரு குழாய், குழாய் முனையில சின்னப் பெட்டி. காத்தைத் தள்ளிக்கிட்டே இருக்கும். "இது என்ன, குட்டி கம்ப்ரசர்தானே"ன்னு இவருக்கு அதை உடனே பிடிச்சுப் போச்சு. பிரிச்சுப் பாக்குறேன்னாரு. கையைத் தட்டி விட்டேன்.

மறுநாள் காலையில எழுந்து ஜன்னல்கிட்ட நின்னு, "ஏன் இன்னிக்கு எல்லாம் இப்படிப் பளிச்சுனு இருக்கு?"ன்னு கேட்டாரு. அன்னிக்கு வெயிலே இல்ல. அந்த வாரமே மாசக்கணக்கா ஒழுகின குழாயைச் சரி பண்ணாரு. மகளுக்கு அவராவே போன் போட்டுப் பேசினாரு. என்கூட ஒரு முழுச் சண்டையையும் முழிச்சிருந்து போட்டாரு! ஜெயிச்சது நான்தான், இருந்தாலும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நானும் தூங்கினேன். தூங்கினேன்னா, பால்காரர் கதவைத் தட்டித் தட்டி அலுத்துப் போயிப் பக்கத்து வீட்டுல கொடுத்துட்டுப் போற அளவுக்குத் தூங்கினேன்.

ஆனா மனு தள்ளுபடி ஆனா மெஷினைத் திருப்பிக் கொடுத்துடணும். சொந்தமா வாங்குறது எங்களுக்கு எட்டாத உயரம். மறுபடி நெஞ்சு மேல கையை வச்சுக்கிட்டுப் படுக்கிறதா? ஒரு தடவை நிம்மதியாத் தூங்கிட்டேன், இனிமே என்னால முடியாது. நான் அசந்து தூங்கிட்டா? அன்னிக்குப் பாத்து நின்னுடுச்சுன்னா?

மேடம் விளக்கமாச் சொன்னாங்க. "வியாதி இருக்குன்னு நிரூபிச்சாச்சு. ஆனா அது ராணுவத்துல இருக்கும்போதே ஆரம்பிச்சதுன்னு காட்டணும் அம்மா. காதுக்கும் முட்டிக்கும் இவரு பாத்த வேலையே ஆதாரம், இதுக்கு அப்படி இல்ல. இவரு ஃபைலைப் பாருங்க, வருஷா வருஷம் 'குறை எதுவும் இல்லை', 'குறை எதுவும் இல்லை'. ஒரு தலைவலி கூட எழுதல."

இவரு நெஞ்சை நிமித்திக்கிட்டு, "ஒரு நாள் கூட நான் உடம்பு சரியில்லைன்னு படுத்ததில்ல மேடம்"னாரு. பெருமை வேற! மனுவுக்காக ஒரு டாக்டர் கூப்பிட்டுப் பரிசோதிச்சாரு, அங்கயும் இதே கூத்துதான். "சொல்லுங்க, என்ன தொந்தரவு?"ன்னு டாக்டர் கேட்டதும் இவரு குதிகால் ரெண்டையும் சேத்து நின்னுக்கிட்டு, "ஒண்ணும் இல்ல சார்!" கதவுக்கு வெளியில என் காதுல விழுந்துச்சு. தலையில அடிச்சுக்கிட்டேன்.

"அப்ப ஒரே வழிதான் இருக்கு. நீங்க லீவுல பாத்ததை எழுதுங்க. அது போதாது. முகாம்ல கூடப் படுத்திருந்தவங்க ரெண்டு பேராவது தங்கள் கண்ணால பாத்ததை எழுதித் தரணும்"னாங்க மேடம்.

ரெண்டு பேரு இருந்தாங்க. ஒருத்தர் சமையல்கார அண்ணன், முகாமுக்கே சோறு போட்டவரு, இவரைவிடப் பெரியவரு. இன்னொருத்தரு ரேடியோ பாத்துக்கிட்டு இருந்த நெட்டைத் தம்பி. எங்க வீட்டு நிலைப்படியில தலையை இடிக்காம உள்ள வந்ததே இல்ல. ரெண்டு பேருகிட்டயும் இவரே பேசிக்கிறேன்னு ஒத்தைக் கால்ல நின்னாரு. சரின்னு விட்டது என் புத்திகெட்டதனம். "குறட்டையைப் பத்தி எழுது"ன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, "நான் எப்படிப்பட்ட ஆளுன்னு ஒரு கடிதம் கொடுங்க"ன்னு கேட்டிருக்காரு!

ரெண்டு கடிதமும் வந்துச்சு. மேடம் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு வாசிச்சாங்க. சமையல்கார அண்ணன் எழுதியிருந்தாரு: "இவர் எங்கள் பிரிவின் தூண். உடல்நலக் குறைவு என்பதே இவருக்குக் கிடையாது." நெட்டைத் தம்பி அதுக்கும் ஒரு படி மேல போயிட்டாரு: "இவர் ஒரு சிங்கம். தூக்கத்தில்கூட விழிப்பாக இருப்பவர்."

மேடம் சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியாம உக்காந்திருந்தாங்க. "அம்மா, இதை அனுப்பினா மனுவுக்கு நாமளே குழி தோண்டின மாதிரி ஆயிடும்." நான் எண்ணெயில போட்ட கடுகாட்டம் பொரிஞ்சேன். இவரு மட்டும் அந்தச் சிங்கக் கடிதத்தை இன்னொரு தடவை வாங்கிப் படிச்சுட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கான்"னாரு.

ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டேன். நெட்டைத் தம்பி வழக்கம்போல நிலைப்படியில இடிச்சுக்கிட்டு வந்தாரு. சமையல்கார அண்ணன் நேரா அடுப்படிக்குள்ள வந்து, குழம்பை ஒரு சொட்டு கையில விட்டு நக்கிப் பாத்து, "கொஞ்சம் உப்பு போடும்மா"ன்னாரு. போட்டேன். உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சாங்க. பழைய கதை, சிரிப்பு, கேலி. நானும் மெல்லப் பேச்சைத் திருப்பிப் பாத்தேன், "இவரு அங்க எப்படித் தூங்குவாரு?"

"நல்லாத் தூங்குவான் அண்ணி"ன்னாரு நெட்டைத் தம்பி.

"குறட்டை?"

"யாருதான் விடல?"

"சாப்பிடும்போது அந்தப் பேச்சு எதுக்கு?"ன்னு இவரு வேற. சமையல்கார அண்ணன், "எங்க மெக்கானிக்குக்கு ஒரு குறையும் கிடையாதும்மா, எங்க வந்து கேட்டாலும் சொல்லுவோம்"னு சொல்லிக்கிட்டே சோத்தைப் பிசைஞ்சாரு.

எனக்கு வந்துச்சே கோபம்! கரண்டியைத் தட்டுல போட்ட சத்தத்துல மூணு பேரும் நிமிர்ந்தாங்க. "போதும் நிறுத்துங்க! சிங்கமாம், தூணாம்! இந்தச் சிங்கம் படுத்தா மூச்சு நிக்குது. தினம் நிக்குது. இடிச்சு இடிச்சு என் முழங்கை தேய்ஞ்சு போச்சு. இத்தனை வருஷமா நான் இந்த மனுஷன் உசுரோட இருக்காரா இல்லையான்னு பாத்துக்கிட்டே படுத்திருக்கேன். உங்க கடிதத்தை நம்பினா அந்த மெஷினைத் திருப்பி வாங்கிக்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் ஒரு நாள் நான் அசந்து தூங்கினா இந்த வீட்டுக்கு நீங்க சாப்பிட வர மாட்டீங்க, மாலையோடதான் வருவீங்க!"

சொல்லிட்டேன். சொன்னதும் எனக்கே தூக்கி வாரிப் போட்டுச்சு.

நெட்டைத் தம்பி கையில எடுத்த சோத்தைத் தட்டுலயே வச்சாரு. "அண்ணி, நீங்களுமா?"ன்னாரு.

"நானுமான்னா?"

"டேய், வேண்டாம்டா"ன்னாரு சமையல்கார அண்ணன்.

"இல்லண்ணே, இனிமே என்ன." நெட்டைத் தம்பி இவரைப் பாக்காம என்னைப் பாத்தே பேசினாரு. "என் கட்டில் பக்கத்துக் கட்டில் அண்ணி. ஒரு நாள் குறட்டை பட்டுனு நின்னுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் பாத்தா மூச்சைக் காணோம். நெஞ்சுல ஓங்கி ஒரு குத்து விட்டேன். எழுந்து உக்காந்து, 'என் டியூட்டியா?'ன்னு கேட்டான். இல்லடா, படுன்னேன். படுத்துட்டான். எனக்குத்தான் அதுக்கப்புறம் தூக்கமே வரல."

நெட்டைத் தம்பி தட்டைத் தள்ளி வச்சுட்டு மேல பேசினாரு.

"ராத்திரிக் காவல் மாறும்போது ஒப்படைக்கிற முறை ஒண்ணு இருக்கு அண்ணி. இருக்கிறதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லித்தான் ஒப்படைக்கணும். துப்பாக்கி சரி, சாவி சரி, டார்ச் சரி. நாங்க அதோட ஒண்ணு சேத்துக்கிட்டோம்." அப்பதான் இவரைத் திரும்பிப் பாத்தாரு. "மெக்கானிக் சரி."

"காவல்ல இருக்கிறவன் சுத்தி வரும்போதெல்லாம் இவன் கட்டிலுக்கு ஒரு உதை விட்டுட்டுப் போகணும். இவன் புரண்டு படுத்தாத்தான் அடுத்த அடி வைக்கணும். புதுசா எவன் வந்து சேர்ந்தாலும் முதல் நாளே அதைச் சொல்லிக் கொடுத்துடுவோம்."

"டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே!"ன்னேன்.

சமையல்கார அண்ணன்தான் பதில் சொன்னாரு. "சொன்னா தகுதி இல்லைன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்கம்மா. வீட்டுல ரெண்டு தங்கச்சி இருக்குன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். எந்த அதிகாரி வந்து கேட்டாலும், மெக்கானிக் நல்லா இருக்கான், மெக்கானிக்குக்கு ஒரு குறையும் இல்ல, இதையே சொல்லிச் சொல்லி வாயி பழகிப் போச்சு. அதே வாயிதான் கடிதமும் எழுதிடுச்சு."

"அதுவும் போக, இவன் போனா அந்த ஓட்டை ஜெனரேட்டரை எவன் ஓட்டுறது?"ன்னு நெட்டைத் தம்பி சிரிச்சாரு. சிரிப்பு பாதியில நின்னுடுச்சு.

எங்க வீட்டுக்காரரு அசையல. கையில சோறு காய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நெட்டைத் தம்பி பக்கம் திரும்பி, "என்கிட்ட ஏண்டா சொல்லல?"ன்னாரு.

"சொன்னா நீ தூங்குவியா?"

அவ்வளவுதான். எனக்குத் தெரிஞ்சு அவரு அழுது நான் பாத்ததில்ல, அவங்க அம்மா போனப்பகூட. அன்னிக்குச் சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உக்காந்து சின்னப் பிள்ளையாட்டம் அழுதாரு. "எனக்கு ஒண்ணுமே இல்லைன்னு நெனச்சேனே. என் உடம்பு அப்படின்னு எத்தனை பேருகிட்ட பெருமை பேசியிருக்கேன்"னு அதையே திரும்பத் திரும்பச் சொன்னாரு. எனக்கு? இத்தனை வருஷமா மறைச்சுட்டாங்களேன்னு கோபம் வந்திருக்கணும். வரல. இந்தப் பயத்தோட நான் ஒருத்திதான் இருந்தேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இல்ல, எனக்கு முன்னாடியே ஒரு கூட்டமே இருந்திருக்கு. அவங்க கையைப் பிடிச்சுக்கணும்னு இருந்துச்சு. பிடிச்சுக்கவும் செஞ்சேன், ரெண்டு பேரு கையும் சோறும் குழம்புமா இருந்துச்சு.

மறுநாளே மேடம் முன்னாடி போய் உக்காந்தோம். "மறைச்சோம்னு எழுதினா எங்களுக்கு ஏதும் வம்பு வருமா மேடம்?"னு சமையல்கார அண்ணன் பயந்தாரு. "சக ஆளைச் சாக விடாம பாத்துக்கிட்டீங்க, அதை எழுதப் பயமா?"ன்னு மேடம் ஒரு அதட்டல் போட்டாங்க. நடந்ததை நடந்தபடி எழுதினாங்க. சிங்கமும் இல்ல, தூணும் இல்ல.

மழைக்காலம் போயி வெயில் வந்தப்புறம்தான் பதில் வந்துச்சு. ஏத்துக்கிட்டாங்க. மெஷின் எங்களுக்கே, வைத்தியமும் அவங்க பொறுப்பு. தூங்கி வழியுறாருன்னு கிடங்குல பறிச்சு வச்சிருந்த பழைய ஷிஃப்டையும் இவருக்குத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. நான் முதல் வேலையா நெட்டைத் தம்பிக்குப் போன் போட்டேன். "தம்பி, மெஷின் நமக்குத்தான். இனிமே உங்க மெக்கானிக்கை யாரும் உதைக்க வேண்டியதில்ல!"

அவரும் சிரிச்சாரு. அப்புறம் பேச்சுவாக்குல, "இன்னும் அந்தக் காவல் நேரத்துக்கெல்லாம் முழிப்பு வந்துடுது அண்ணி. எழுந்து உக்காந்துடுறேன். காலு தன்னால பக்கத்துக் கட்டிலைத் தேடுது. பக்கத்துல என் பொண்டாட்டி இருக்கா, நல்லவேளை இதுவரைக்கும் உதைக்கல. அதுக்கப்புறம் விடியுற வரைக்கும் தூக்கம் வராது. பழகிப் போச்சு"ன்னாரு.

போனை வச்சுட்டு இவருகிட்ட அப்படியே சொன்னேன். இவரு சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரு. எங்க, எங்கன்னு கேட்டுக்கிட்டே நானும் பின்னாடியே ஓடினேன். நெட்டைத் தம்பி வீட்டுக்குப் போயி, கையைப் பிடிச்சு இழுக்காத குறையா, நேரா சங்க ஆபீஸ்.

"மேடம், இவனுக்குக் கூடுதலா ஒரு மனு எழுதணும்"னாரு எங்க வீட்டுக்காரரு.

மேடம் நெட்டைத் தம்பியைப் பாத்தாங்க. "உங்களுக்கு என்ன தொந்தரவு?"

"எனக்கா? ஒண்ணும் இல்ல மேடம்"னாரு அவரு, சொல்லி வச்ச மாதிரி.

"சும்மா இருடா"ன்னு இவரு அவரைப் பிடிச்சு நாற்காலியில உக்கார வச்சாரு. வரிசையே ஆடுச்சு. "இவனுக்கு ராத்திரித் தூக்கம் கிடையாது மேடம். ராணுவத்துல இருக்கும்போதே போயிடுச்சு. சாட்சி நான் எழுதுறேன்."

"இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கினவரு நீங்க. நீங்க எப்படிங்க சாட்சி?"ன்னு கேட்டுட்டேன். என் வாய் சும்மா இருக்குமா!

அவரு என் பக்கம் திரும்பல. மேடத்தையே பாத்துச் சொன்னாரு.

"இவன் தூங்கலைங்கிறதுக்கு நான்தான் மேடம் சாட்சி. இவன் தூங்கியிருந்தா இன்னிக்கு நான் இங்க நின்னு பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்."

நெட்டைத் தம்பி தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. மேடம் புதுசா ஒரு தாளை எடுத்து வச்சு, "எழுதுங்க ஐயா"ன்னு பேனாவை இவருகிட்ட நீட்டினாங்க.